பெட்ரோல் பங்க் குழாயைச் சோதித்த தேதி என்ன?

கிணற்றிலிருந்து தோப்புக்குக் குழாய் பதிக்கும் விவசாயி, வெட்டிய குழியை மூடுவதற்கு முன் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்காமல் இருப்பதில்லை. இணைப்பில் ஈரம் தெரிந்தால் அறுத்து ஒட்டிய பிறகுதான் மண்ணைத் தள்ளுகிறார். மூடிய பிறகு கசிந்தாலும் அது நெடுநாள் மறைந்திருக்காது. கோடையில் சுற்றிலும் காய்ந்து கிடக்க, ஓரிடத்தில் மட்டும் அருகம்புல் பச்சையாக நிற்கும். கடைக்கோடி மரத்துக்குத் தண்ணீர் போய்ச் சேராது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

பெட்ரோல் பங்க்கில் தரைக்கு அடியில் ஓடும் குழாய்க்கு இப்படிப்பட்ட அடையாளம் கிடையாது. மேலே கனத்த சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார்கள். கசிந்தது கீழேதான் போகும். அது முதலில் வெளியே தெரிவது பெரும்பாலும் பங்க்கில் அல்ல; அடுத்த தோட்டத்துக் கிணற்றில்.

நம் தோப்புக்கு அடுத்த மனையில் பங்க் வரப்போகிறது என்றால் நாம் விசாரிப்பது என்ன? இடம் என்ன விலைக்குப் போயிற்று, நம் நிலத்துக்கும் அந்த விலை வருமா, முன்னால் டீக்கடை போட இடம் கிடைக்குமா என்பவைதான். தொட்டி எத்தனை அடி ஆழத்தில் இறங்குகிறது, குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா, அதை எப்போது யார் சோதிப்பார்கள் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நானும் அண்மைக் காலம் வரை கேட்டதில்லை.

பெரியகுளம் வட்டாரத்தில் எந்தப் பங்க் மீதும் குற்றம் சாட்டி இதை எழுதவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நம்மைப் போன்றவர்கள் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலை ஏறும் நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, வாழை, திராட்சை, நெல் என்று சாகுபடி நிலத்தின் நடுவேதான் அந்தச் சாலை போகிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் வரிசை கட்டுகின்றன. விலை வித்தியாசத்தால் கேரளத்து வண்டிகள் மலை ஏறுமுன் இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. ஆகவே சாலை ஓரத்தில் பங்க்குகள் வருவதில் வியப்பில்லை. பங்க்கின் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் வரப்பு, வரப்பைத் தாண்டினால் கிணறு.

நம் நிலத்தின் அமைப்பும் இதற்குச் சாதகமாக இல்லை. மேலே சில அடி மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே வெடிப்பு விழுந்த பாறை. தண்ணீர் அந்த வெடிப்புகளில்தான் ஓடுகிறது. பத்தடி தள்ளிக் கிணறு வெட்டியவருக்கு ஊற்றுக்கண் கிடைக்காமல் போவதும், நூறடி தள்ளி வெட்டியவருக்குப் பொங்கி வருவதும் இதனால்தான். பாறை வெடிப்பில் இறங்கிய எண்ணெய் எந்தத் திசையில் போகும் என்று யாரும் மேலிருந்து சொல்லிவிட முடியாது. பங்க்குக்கு ஒட்டிய கிணறு தப்பித்து, மூன்றாவது தோட்டத்துக் கிணறு கெட்டுப் போகலாம். மோட்டார் ஓடி நீர்மட்டம் இறங்கும் கிணறு, சுற்றிலும் உள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. எண்ணெய் மிதக்கும் நீரையும் அது அப்படியே இழுக்கும்.

இரண்டு வகைக் குழாய்

பங்க்கின் அமைப்பை விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. நம் கிணற்றில் மேலே வைத்த மோட்டார் இருக்கிறது, உள்ளே மூழ்க வைத்த சப்மெர்சிபிள் மோட்டாரும் இருக்கிறது. பங்க்கிலும் அந்த இரண்டு முறைகள்தான்.

முதல் முறையில், வண்டிக்குப் பெட்ரோல் போடும் எந்திரத்துக்குள்ளேயே பம்ப் இருக்கும். அது தரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே புகும். நம் மோட்டாரில் புட் வால்வு பழுதானால் தண்ணீர் கீழே இறங்கிவிடுவதும், மறுபடி தண்ணீர் ஊற்றி ஓட்ட வேண்டியிருப்பதும் போல, அங்கும் பம்ப் திணறும், விட்டு விட்டு ஊற்றும். குழாய் தொட்டியை நோக்கிச் சாய்வாகப் பதிக்கப்பட்டு, அடைப்பு வால்வு பம்ப்புக்கு நேர் கீழே மட்டும் இருந்தால், ஓட்டை விழுந்ததும் எண்ணெய் தொட்டிக்கே திரும்பி ஓடிவிடும். மண்ணுக்குள் போவது குறைவு.

இரண்டாம் முறையில், பம்ப் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும். அங்கிருந்து எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. ஒரு பம்ப்பிலிருந்து பல எந்திரங்களுக்குக் குழாய் பிரிந்து போகும். விற்பனை அதிகமான இடங்களுக்கு இது வசதி. ஆனால் குழாயில் ஊசித் துளை விழுந்தாலும் பம்ப் ஓடும் நேரமெல்லாம் எண்ணெய் மண்ணுக்குள் பீய்ச்சப்படும். எந்திரம் திணறாது. வண்டிக்காரருக்கு லிட்டர் குறையாது. ஏனென்றால் கசிவு நடப்பது மீட்டருக்கு முன்னால். மீட்டர் அளப்பது தன் வழியே போனதை மட்டும்தான். பங்க்கில் வேலை பார்க்கும் பையனுக்கும் எதுவும் தெரியாது.

பழைய ஜி.ஐ. குழாய்கள் துருப்பிடிக்கும். புதிய பங்க்குகளில் போடும் பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் இணைப்பு, வளைவு, எந்திரத்துக்குக் கீழே குழாய் மேலேறும் இடம் ஆகியவை எந்தக் குழாயிலும் பலவீனமான இடங்களே. சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இருப்புக் கணக்கில் மறையும் கசிவு

இருப்புக் கணக்கு பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தினமும் காலையில் டிப் ராடை விட்டுத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் தானே அளவு காட்டும் கருவியும் வந்துவிட்டது. நேற்றைய இருப்பு, வந்த லோடு, விற்ற லிட்டர் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தால் குறைவு தெரியத்தான் வேண்டும். பெரிய கசிவு தெரியும். சிறிய கசிவு தெரிவதில்லை.

பெட்ரோல் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரு டிகிரி வெப்பம் மாறினால் 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 1 லிட்டர் கூடும் அல்லது குறையும். சித்திரை வெயிலில் லாரி டேங்கரில் வந்த 12,000 லிட்டர், தரைக்கடித் தொட்டியில் 8 டிகிரி குளிர்ந்தால் 100 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காணாமல் போய்விடும். அது எங்கும் கசியவில்லை, சுருங்கியிருக்கிறது. இதோடு ஆவியாகப் போவது வேறு. எனவே கொஞ்சம் குறைவு வந்தால் யாரும் திடுக்கிடுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் ஒரு லட்சம் லிட்டர் விற்கும் பங்க்கில் நூற்றுக்கு அரைப் பங்கு குறைவு என்றால் 500 லிட்டர். மணிக்கு 380 மில்லி கசியும் குழாய், நாள் முழுதும் அழுத்தத்தில் இருந்தால், மாதத்துக்கு 270 லிட்டரைச் சற்றுத் தாண்டும். அதாவது அந்த அரைப் பங்குக்குள் இந்தக் கசிவு வசதியாக ஒளிந்துகொள்ளும். வருடத்துக்கு 3,300 லிட்டர். பதினாறு பீப்பாய்க்கும் மேல்!

மணிக்கு 380 மில்லி என்ற அளவை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அழுத்தக் குழாய்களுக்கு நடத்தும் சோதனை கண்டுபிடித்தாக வேண்டிய கசிவின் அளவு அது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மழை பெய்தபின் பெட்ரோலில் தண்ணீர்

இன்னொரு அடையாளம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஐப்பசி அடைமழையில் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டி நின்றுவிட்டது என்று பங்க்கில் சண்டை நடக்கிறது. செய்தித்தாளிலும் வருகிறது. புதுப் பெட்ரோல் போட்டுக் கொடுத்து, தொட்டியைச் சுத்தம் செய்து, விவகாரத்தை முடித்துவிடுகிறார்கள். மேலே ஊற்றும் மூடி வழியாக மழைநீர் இறங்கியிருந்தால் அத்தோடு சரி. ஆனால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, தொட்டியில் அல்லது குழாய் இணைப்பில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்திருந்தால்? மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும் ஓட்டை வழியாகத்தான் கோடையில் எண்ணெய் வெளியே போகிறது. ஆகையால் தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று புகார் வந்தால், வண்டிக்காரரைச் சமாதானப்படுத்துவதோடு நிற்காமல், தொட்டியையும் குழாயையும் சோதித்துவிட்டுத்தான் மறுபடி விற்பனை தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பும் மக்காச்சோளமும் விற்கும் நமக்கு அது நல்லதுதான். ஆனால் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் பொருள். முன்பு தொட்டிக்கு அடியில் தனியாகத் தங்கிய தண்ணீரைப் பசை தடவிய டிப் ராடு காட்டிக்கொடுத்தது. இப்போது ஓரளவு வரை தண்ணீர் பெட்ரோலோடு கரைந்துவிடுகிறது. அளவு மீறினால்தான் பிரிந்து கீழே தங்குகிறது. மண்ணுக்குள் கசிந்தாலும் எத்தனாலால் ஒரு தொல்லை உண்டு. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் தின்று, அங்குள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். பிறகு பென்சீனைச் சிதைக்கும் வேலை மந்தமாகிவிடும். அதற்குள் பென்சீன் இன்னும் தூரம் போய்விடும்.

பென்சீன் என்பது பெட்ரோலில் இயற்கையாகவே உள்ள ஒரு பொருள். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. இன்று விற்கும் பி.எஸ்.6 பெட்ரோலில் அது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி வரை இருக்கலாம். குடிதண்ணீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு, என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுதும் கரைந்தால் எட்டரை லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் குடிக்கத் தகாததாக்கிவிடும். 20 அடி விட்டமுள்ள கிணற்றில் 20 அடி தண்ணீர் நின்றால் அது ஒன்றே முக்கால் லட்சம் லிட்டர். அப்படி ஐந்து கிணற்றுத் தண்ணீர்! மண்ணில் ஒட்டிக்கொள்வதும் ஆவியாகப் போவதும் போக எல்லாம் கரையாது என்பது உண்மை. ஆனால் கசிவது ஒரு லிட்டரோடு நிற்கப் போவதும் இல்லை. தோட்டத்து வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே எடுக்கிறார்கள். மாடு அதைத்தான் குடிக்கிறது.

உடனடி ஆபத்து வேறொன்று இருக்கிறது. கோடையில் தூர் வாரவும் ஆழப்படுத்தவும் கிணற்றில் ஆட்கள் இறங்குகிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. கிணற்றின் அடியில் போய்த் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பற்றும் அளவு வந்துவிடுகிறது. ஒரு பீடி, மோட்டார் சுவிட்சின் ஒரு பொறி போதும். தீப்பற்றாவிட்டாலும் மூச்சு முட்டி மயங்கி விழலாம். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார்.

தண்டையார்பேட்டையும் கதிராமங்கலமும்

இதெல்லாம் நம் நாட்டில் நடக்கிறதா என்று கேட்பவர்களுக்குச் சென்னையைக் காட்டலாம். 2013-இல் வட சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. அந்தப் பகுதியில் மண்ணுக்கடியில் சென்ற பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் குழாயில் கசிவு என்று தெரிந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு வரை போயிற்று. கசிவை அடைப்பது சில நாள் வேலை. மண்ணிலும் நீரிலும் இறங்கியதை வெளியே எடுப்பதுதான் வருடக்கணக்கில் இழுத்தது. அங்கே முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல, தண்ணீர் பிடித்த குடும்பங்கள்.

தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது எல்லோருக்கும் நினைவிருக்கும். போராட்டம், தடியடி, கைது என்று அது பெரிதாயிற்று. ஆனால் அங்கே எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் ஊர் கூடியது. பங்க் குழாய்க் கசிவில் கூடிப் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

நம் பக்கத்துத் திண்டுக்கல் கதையும் பாடமாக வேண்டும். தோல் பதனிடும் தொழிலின் கழிவால் அங்கே எத்தனை கிணறுகள் உப்பேறிப் பயிருக்கும் உதவாமல் போயின என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். வேலூர் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கெடுமுன் தடுப்பதும் கடமை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, கெட்ட கிணறுகள் பழைய கிணறுகளாகத் திரும்பிவிடவில்லை. அந்தத் தீர்ப்பில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இழப்பீட்டுப் பகுதியைவிட, கெடுமுன் தடுப்பது என்ற பகுதியை.

அமெரிக்காவில் இந்தத் தொல்லை பெரிய அளவில் வந்தது. 1984-இல் தரைக்கடித் தொட்டிகளுக்கென்றே சட்டத்தில் ஒரு பகுதி சேர்த்தார்கள். 1988-இல் விதிகள் வந்தன. அதன்படி அழுத்தத்தில் ஓடும் குழாய் ஒவ்வொன்றுக்கும், மணிக்கு ஏறக்குறைய 11 லிட்டர் கசிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து ஓட்டத்தைத் தடுக்கும் அல்லது எச்சரிக்கும் கருவி வேண்டும். அதோடு வருடம் ஒரு முறை நுட்பமான சோதனை நடத்த வேண்டும், அல்லது மாதந்தோறும் கண்காணிக்க வேண்டும். நான் முன்பு சொன்ன மணிக்கு 380 மில்லி என்பது அந்த வருடாந்தரச் சோதனையின் அளவு. உறிஞ்சும் குழாய்க்கு மூன்று வருடத்துக்கு ஒரு சோதனை. தொட்டிக்கே எண்ணெய் திரும்பும்படி சரியாகப் பதித்த உறிஞ்சு குழாய்க்கு விலக்கு. விதி வந்த பிறகு தேடத் தேட, இதுவரை அங்கே உறுதியான கசிவுகள் 5 லட்சத்துக்கு மேல். அத்தனையும் தேடியதால் தெரிந்தவை. தேடாத நாட்டில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும்.

குழாய்ச் சோதனை பெரிய வித்தை ஒன்றும் அல்ல. குழாயின் இரு முனையையும் அடைத்து, ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றி, மானியைப் பார்த்திருப்பது. லோடு இறங்கியவுடன் செய்யக் கூடாது. எண்ணெய் குளிர்ந்து சுருங்குவதே கசிவு போலக் காட்டும். எண்ணெய் இருந்த குழாயில் சாதாரணக் காற்றை அடிப்பது வெடிவிபத்துக்கு வழி. தீப்பற்றாத நைட்ரஜனையோ எண்ணெயையோ கொண்டுதான் சோதிக்க வேண்டும். இரட்டைச் சுவர்க் குழாய் போட்ட இடங்களில் இரண்டு சுவருக்கும் நடுவில் ஈரம் வந்தால் மணி அடிக்கும் ஏற்பாடும் உண்டு.

நம் விதிகள்

இங்கே விதி இல்லாமல் இல்லை. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டமும் 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் விதிகளும் இருக்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு (பெசோ) உரிமம் தருகிறது. அதற்கு முன் மாவட்ட நிர்வாகம் தடையில்லாச் சான்று தர வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய பங்க்குகளுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. பள்ளி, பத்துப் படுக்கைக்குக் குறையாத மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் பங்க் கூடாது. இடமில்லாத நிலையில் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர் வரை வரலாம் என்பது அதில் உள்ள ஒரு நிபந்தனை. அந்த வரியில் பாசனக் கிணறு இல்லை. நகரத்தை மனத்தில் வைத்து எழுதிய வரி போலும்.

சோதனையே நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. நிறுவும்போது சோதனை உண்டு. கம்பெனி அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள். என் குறை, அந்தச் சோதனைச் சீட்டு அடுத்த தோப்புக்காரர் கண்ணில் படுவதில்லை என்பதே. பங்க்குக்கு முன்னால் வந்து நிற்கும் வண்டிக்காரருக்கு உரிமை இருக்கிறது. அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டு என்று கேட்கலாம். 25 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அளவை முத்திரை போட்ட சான்றையும் கேட்டுப் பார்க்கலாம். பங்க்குக்குப் பின்னால் கிணறு வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு குவளை இல்லை.

ஆகவே மாவட்ட நிர்வாகம் தடையில்லாச் சான்று தரும்போதே மூன்று காரியங்களை நிபந்தனையாகச் சேர்க்கலாம். குழாயையும் தொட்டியையும் வருடம் ஒரு முறை வெளியாள் கொண்டு சோதித்து, சோதித்த தேதியையும் முடிவையும் இலவசக் காற்று போர்டுக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். அதன் நகல் ஊராட்சி அலுவலகத்துக்கும் போக வேண்டும். பங்க் வருவதற்கு முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும். அது பங்க்காரருக்கும் பாதுகாப்பு, இல்லாத குற்றத்தை நாளைக்கு அவர் தலையில் கட்ட முடியாது. பழைய பங்க்குகளில், அதிலும் இரும்புக் குழாய் இன்னும் இருக்கும் இடங்களில், முதலில் தொடங்கலாம்.

செலவு யாருக்கு என்ற கேள்வி வரும். பெரும்பாலான இடங்களில் தொட்டியும் குழாயும் எண்ணெய்க் கம்பெனியின் உடைமை; டீலர் விற்பவர்தான். குறையும் இருப்புக்கு அவர் கையிலிருந்துதான் பணம் போகிறது. ஆகையால் சோதனையில் டீலருக்கும் லாபம் உண்டு. செலவைக் கம்பெனி ஏற்பதே முறை. அரை நாள் விற்பனை நிற்கும் என்று சொல்வார்கள். வருடத்தில் ஒரு நாள் இரவில் வைத்துக்கொள்ளட்டும்.

நாம் செய்ய வேண்டியது

பங்க்குக்கு அருகில் கிணறு உள்ளவர்கள் காலையில் மோட்டார் போட்டதும் வரும் முதல் தண்ணீரை மோந்து பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து ஒட்டாமல் நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்தும் பாசியும் உண்டாக்கிய படலம். உடனே மறுபடி சேர்ந்துகொண்டால் எண்ணெய் என்று சந்தேகிக்க வேண்டும். மோட்டாரில் வடிந்த ஆயிலும் அப்படிக் காட்டும்; முதலில் நம் மோட்டாரைப் பார்த்துவிட வேண்டும். தோட்டத்து டீசல் பீப்பாயை மண் தரையில் கிணற்று மேட்டிலேயே வைத்திருப்பவர்கள் அதை இன்றே வேறிடத்துக்கு மாற்றட்டும். பங்க்காரரைக் கேள்வி கேட்கும்போது அவர் நம் பீப்பாயைக் காட்டிவிடக் கூடாது.

வாடை உறுதியானால் கிணற்றில் யாரையும் இறக்க வேண்டாம். குடிக்கவும் மாட்டுக்கும் வேறு தண்ணீர் பாருங்கள். வாடை தெரிந்த தேதியைக் குறித்து வையுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, பாதிப்பு முதலில் ஏற்பட்டதிலிருந்து ஐந்து வருடம்தான் கெடு. தண்ணீர் மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்தால் பயனில்லை. கண்ணாடிப் பாட்டிலில், காற்று நிற்க இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். நம் மண் பரிசோதனை நிலையத்தில் பார்ப்பது உப்பையும் காரத்தையும். பென்சீனைப் பார்க்கும் கருவி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெரிய ஆய்வகங்கள் போன்ற இடங்களில்தான் உண்டு. எனவே வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அவர்களையே மாதிரி எடுக்கச் சொல்வது மேல்.

கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறை தீர்க்கும் நாள் நடக்கிறது. உரம், பயிர்க் கடன், யானை, காட்டுப்பன்றி என்று நாம் பேசுவதெல்லாம் பேச வேண்டியவையே. அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, எங்கள் ஊர் எல்லையில் உள்ள பங்க்குகளின் குழாய்களைக் கடைசியாகச் சோதித்த தேதிகள் என்ன என்று ஒரு மனுவாகக் கொடுக்கட்டும். பங்க்கின் பெயரும் சர்வே எண்ணும் மனுவில் இருந்தால், பதிலும் பங்க் வாரியாக எழுத்தில் வர வேண்டும்.